ஆறு மணிநேரக் கதவு

ஜேர்மனியின் ஹம் நகரில் உலோகப் பூச்சு நிறுவனமொன்றின் பின்னறையில் அன்ரனிற்றாவுக்கு வேலை. சூடேற்றிய மெத்தனோலுக்குள் உருக்குத் தகட்டைத் தொங்கவிட்டு, எதிரே கிராஃபைட் துண்டை வைத்து, ஆயிரம் வோல்ட் கொடுத்தால் தகட்டில் மெல்லிய கரிப்படலம் வளரும். அதற்கு ஆறு மணிநேரம் வேண்டும் என்பது பொறியியலாளர் கௌஷிக்கின் கணக்கு. அவ்வளவு நேரமும் அவள் உள்ளே காவல். கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும். ஆபத்து வரக்கூடாதாம்! மூத்திரத்துக்குக்கூடப் போக முடியாதென்று அவள் காலையில் தேத்தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

படலம் இரண்டு தடவை உரிந்துவிட்டது. மூன்றாவதும் போனால் திட்டத்துக்கு மூடுவிழா, அவளுடைய வேலைக்கும்தான். மகள் லக்சிகாவின் கிண்டர்கார்டன் நாலரைக்கு மூடும். இன்னொரு முறை பிந்தினால் பிள்ளைக்கு இடமில்லை என்று கடிதமே வந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பம்ப் பழுதாகி, வேலை தொடங்கவே மதியமாகிவிட்டது. பிள்ளையைக் கூட்டிவர ஒத்துக்கொண்ட கணவன் ஐங்கரன் நாலு மணிக்குத் தான் வேலைசெய்யும் முதியோர் இல்லத்திலிருந்து அழைத்தான்.

"அடுத்த ஷிப்டுக்கு வாற ஆள் வரேல்லை. கிழடுகளை விட்டிட்டு வர ஏலாது. நீ போறியே?"

"நான் எப்பிடிப் போறது? கதவைத் திறந்தா எல்லாம் போச்சு!"

கதவுக் கண்ணாடிக்கு வெளியே கௌஷிக் நின்றான். "இன்னும் ரெண்டே மணி நேரம் அக்கா, ப்ளீஸ்."

"தம்பி, உங்களுக்குப் பிள்ளை இல்லை," என்றாள்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நாலு பத்துக்குக் கதவைத் திறந்தாள். மின்சாரம் ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு அணைந்தது. அவனுடைய முகத்தைப் பார்க்காமலே ஓடினாள். நாலு இருபத்தெட்டுக்குக் கிண்டர்கார்டன் வாசலில் நின்றாள்.

திங்கட்கிழமை, வேலை போய்விட்டது என்ற நினைப்போடு வந்தாள். கௌஷிக் வெள்ளிக்கிழமைத் தகட்டில் ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்துக் காட்டினான். படலம் அசையவில்லை.

"தடிமனானதாலதான் இத்தனை நாள் உரிஞ்சிருக்கு. நாலு மணி நேரம் போதும். நீங்க ஜீனியஸ் அக்கா! கான்ட்ராக்ட் ரெண்டு வருஷம் நீட்டியாச்சு."

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் கதவில் ஒட்டியிருந்த புதிய தாளைக் கண்டாள். தினமும் இரண்டு தடவை. முதலாவது ஏழரை முதல் பதினொன்றரை வரை. இரண்டாவது ஒரு மணி முதல் ஐந்து மணி வரை. பொறுப்பு: அன்ரனிற்றா.

"அப்ப என்ர பிள்ளையை ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் அக்கா," என்றான், மலர்ந்த முகத்தோடு.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.