சுவரோரத்துப் பலகை

கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் நாங்கள் மச்சில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரச் சேச்சி. எங்களுக்குத் தரை, அவருக்குக் கூரை. நடுவில் அயினி மரப் பலகை மட்டும்தான். சுவரோரத்தில் மழைநீர் இறங்கி ஒரு பலகை உளுத்து உதிர்ந்துவிட்டது. நான் பெருக்கினால் தூசி நேரே சேச்சியின் மீன்குழம்பில் போய் விழும். துடைப்பத்தை விட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். அப்போதும் விழுந்தது.

மழைக்கு முன்னால் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்று சேச்சி சொல்லிவிட்டார். தன் பங்குக்குப் பரணில் கிடந்த பலகை ஒன்றும் கொடுத்தார். அது ஒன்றுதான் இருந்தது. என் வயிற்றிலோ மூத்தவள். சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

என் வீட்டுக்காரர் துறைமுக வேலைக்குப் போன பிறகு ஆசாரி வந்தார். பழைய சுவர். சன்னலோரம் தொப்பை தள்ளியிருக்கும், கதவோரம் உள்ளே போயிருக்கும். நேர்ப்பலகை வைத்தால் ஒருபக்கம் இடிக்கும், மறுபக்கம் கை நுழையும். அளந்து அளந்து அலுத்துப்போய் ஆசாரி சாயா குடிக்க இறங்கினார்.

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். தெரிந்த ஒரே வேலை ஜாக்கெட் தைப்பது. பழைய நியூஸ் பேப்பர்களைக் கஞ்சியால் ஒட்டி, சுவரோடு அழுத்தி, வளைவு பார்த்து வெட்டினேன். மேல்பக்கம் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பலகைமேல் வைத்துவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஆசாரி வந்து பார்த்தார். "சுவருக்கும் ஜாக்கெட்டோ?" என்று சிரித்துக்கொண்டார். பேப்பரைப் புரட்டிப் போட்டுப் பென்சிலால் வரைந்தார். ரம்பத்தை எடுத்தார்.

கோடு அடியில் போய்விட்டது. அப்படியே அறுத்தால் சன்னலோரத்துத் தொப்பை கதவோரம் வந்துவிடும்; ஒரு பக்கம் மட்டுமே இழைத்த பலகை, திருப்பியும் போட முடியாது. அன்னிய ஆணிடம் அதுவரை நான் வாய் திறந்ததில்லை.

"கோடு போட்ட பக்கம் மேல வரணும்," என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

ஆசாரி பேப்பரைக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்துப் பார்த்தார். "முன்னமே பறஞ்சாலென்ன மோளே? நான் இப்ப அறுத்திருப்பேனே," என்றார்.

பலகை சுவரோடு ஒத்துப்போனது. மழையில் மரம் ஊதும் என்று ஒரு நூல் இடம் விட்டு, அதன்மேல் மெல்லிய ரீப்பர் கட்டை அடித்து மூடினார்.

சேச்சி கீழே வெள்ளை முண்டு ஒன்றை விரித்து வைத்து, என்னைப் பெருக்கச் சொன்னார். சுவரில் துடைப்பம் இடிக்க இடிக்கப் பெருக்கினேன். கதவோரம் முடித்துச் சன்னலோரமும் போனேன்.

பிறகு, "மோளே, நீ பெருக்குறியோ, சும்மா நிக்குறியோ?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"பெருக்குறேன் சேச்சி," என்று உரக்கவே சொன்னேன்.

மூத்தவள் அந்தத் தரையில்தான் தவழ்ந்தாள்.