சட்டைக் கையை முகரும் அக்கா

என் அக்காவை அவள் வேலை செய்யும் இடத்தில் 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டு மதுபானங்களை வரவழைத்து விற்கும் கிடங்கு அது. வந்து இறங்கும் விஸ்கியையும் ரம்மையும் முகர்ந்து, ஒரு வாய் வைத்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்கிறவர்கள் அங்கே இரண்டு பேர். அதில் அக்கா இரண்டாவது ஆள். உடனே குடிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். அரை கிளாஸ் ஊற்றிக் கொடுத்தால் முக்கால் மணி நேரம் முகர்ந்துகொண்டே இருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் உயிர் போகும்.

கனடா விஸ்கி என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். "பரம சாதுன்னு நினைச்சு ஏமாந்துடாதே. முதல்ல இனிப்பா வரும். கடைசியில அந்த ரை தானியம் நாக்கு ஓரத்துல மிளகு மாதிரி ஒரு கிள்ளு கிள்ளும் பாரு!" என்பாள். ரம் பேச்சை எடுத்தால் இன்னும் மோசம். ஜமைக்கா ரம்மில் கனிந்து கறுத்த வாழைப்பழமாம். கரும்புச் சாற்றிலிருந்தே வடித்த ரம்மில் அப்போதுதான் வெட்டிய புல்லாம். எனக்கு எல்லாமே இருமல் மருந்துதான். அதைச் சொல்லித்தான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கிளாஸை முகர்ந்தால் அந்த வாசனை மூக்கிலேயே தங்கிவிடும். அதனால் அடுத்ததை எடுக்குமுன் சொந்தச் சட்டைக் கையை ஒருமுறை முகர்ந்துகொள்வார்கள். பழகின உடம்பு வாசனை மூக்கைக் கழுவி விட்டதுபோல் ஆக்கிவிடுமாம். அக்கா பழக்கடையில்கூட ஒரு பழத்துக்கும் இன்னொரு பழத்துக்கும் நடுவே இதைச் செய்வாள். சளியைத் துடைக்கிறாள் என்று கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். எனக்கு மானம் போகும்.

தலைமைச் சுவைஞர் ஓய்வு பெறும் நாள் வந்தது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை பேர் ஒட்டாம ஆறு கிளாஸ் வைப்பேன். எது எதுன்னு சரியாச் சொல்லிட்டீங்கன்னா அந்த இடம் உங்களுக்கு. இல்லேன்னா வெளியிலேருந்துதான் ஆள் எடுக்கணும்" என்றார். வருஷக்கணக்காக அவள் காத்திருந்த இடம். அந்த நேரம் பார்த்து அவளைக் காய்ச்சல் பிடித்துப் படுக்கையில் தள்ளியது.

காய்ச்சல் விட்டது. வியாழக்கிழமை காலையில் போன் செய்து ஓவென்று அழுதாள்.

"என் மூக்கு போச்சுடி. எதை முகர்ந்தாலும் ஏதோ பூ வாசனை அடிக்குது. ரம்முலயும் பூ, விஸ்கிலயும் பூ!"

போட்டது போட்டபடி ஓடினேன். கதவைத் திறந்ததுமே குப்பென்று மல்லிகை. ஏதோ பூக்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று நினைத்தேன். சமையலறை மேஜையில் கிளாஸ்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்து. ஒன்றை முகர்ந்தாள், சட்டைக் கையில் மூக்கைப் புதைத்தாள், அடுத்ததை முகர்ந்தாள், உதட்டைப் பிதுக்கினாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. அவள் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தேன். மல்லிகை ஆளையே தூக்கியது.

"அத்தான்! துணியில எதை ஊத்தினீங்க?"

அத்தான் பெருமையாக ஒரு நீலப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். "துணிக்கு வாசனை குடுக்கிற மருந்து. கடைசி அலசல்ல ஊத்தணுமாம். உங்கக்கா படுத்திருந்தப்போ நான்தான் வீட்ல இருக்கிற அத்தனை துணியையும் துவைச்சேன். மூடி அளவு போதும்னு போட்டிருந்தது. மனசு கேக்கல, பாதிப் புட்டியை ஊத்திட்டேன்."

அக்கா அவரைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், மேஜையில் கிளாஸெல்லாம் ஆடின. அத்தானுக்கு எதற்குச் சிரிக்கிறாள் என்றே புரியவில்லை. தன் துவைப்பைத்தான் மெச்சுகிறாள் என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் போட்டுக்கொண்டு போக என்ன இருக்கிறது? திரைச்சீலை முதல் கைக்குட்டை வரை அந்த மனிதர் ஒன்றை விட்டுவைக்கவில்லை. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் சட்டையைக் கழட்டு."

"சீ, நேத்துலேருந்து போட்டிருக்கேன். வியர்வை நாத்தம் அடிக்கும்."

"அதான் வேணும். கல்யாணம் ஆகிற வரைக்கும் ஒரே போர்வையில படுத்தோம். உன் வாசனை எனக்குப் புதுசா என்ன?"

என்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவளுடைய மல்லிகைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நானும் அத்தானும் கிடங்கு வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றோம். அக்கா வெளியே வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. ஆறும் சரி. ஐந்து ரம்முக்கு நடுவே முதலாளி ஒரு கனடா விஸ்கியை ஒளித்து வைத்திருந்தாராம். அதற்கு அவள் வாய் வைக்கவே இல்லை, முகர்ந்ததுமே சொல்லிவிட்டாளாம்.

அத்தான் துள்ளிக் குதித்தார். "அப்பாடா! வேலைக்கு என்ன ஆகுமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

அக்கா இல்லையென்று தலையாட்டினாள். "வேலை போனா வேற வேலை தேடிக்கலாங்க. மூக்கு போச்சுன்னு நினைச்சப்போ முதல்ல என்ன தோணிச்சு தெரியுமா? இனிமே இருட்டுல பக்கத்துல படுத்திருக்கிறது நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்னு."

அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை விடவே இல்லை.