குளிசையோடு மலையேறிய றீற்றா அக்கா

முந்தாநாள் வியா மக்வேதா தெருவில் ஒரு கடையின் குளிர்சாதனப் பெட்டியைத் திருத்திக்கொண்டிருந்தேன். அறைத்தோழன் ஜெகன் வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், றீற்றா அக்கா செத்துப்போட்டா. மாரடைப்பாம்."

"விசர்க்கதை கதையாதை. நேற்றும் அவவோடை கதைச்சனான்" என்று அவன்மீது எரிந்து விழுந்தேன். பிறகு கழற்றிய கம்பிகளைப் பூட்ட எனக்குக் கை வரவில்லை.

எங்கள் பகுதிக் கத்தோலிக்கப் பங்கில் அக்காவைத் தெரியாதவர் இல்லை. கிழமை முழுக்க வெள்ளைக்காரச் சிஞ்ஞோராக்களின் வீடுகளில் வீட்டுவேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் அவருடைய சிரிப்பு. நான் சைவக்காரன். அந்தச் சிரிப்புக்காகவே பூசை முடியும் நேரம் பார்த்துப் போவேன்.

மூன்று வருடங்களுக்கு முன் என்னால் கட்டிலைவிட்டு எழும்ப முடியாமல் போனது. காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. எந்த இயந்திரத்திலும் பழுதைக் கண்டுபிடிப்பவனுக்குத் தன் பழுது பிடிபடவில்லை. மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லிக் குளிசை தந்தார். போர்கோ வெக்கியோ பகுதியில் என்னோடு அறையில் இருந்தவர்களோ புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கோவிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். விரதம், வெறுங்கால். விரதத்துக்குள் குளிசை எதற்கு என்று ஜெகன் அதை ஒளித்துவிட்டான். வெளியாட்களுக்குத் தெரியாமல் விழுங்கி வந்த எனக்கும் அது ஆறுதலாகவே இருந்தது.

பங்கு ஆட்களோடு ஏறும்போது பாதி மலையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் நிற்கவில்லை. அறைக்காரர் சொல்லி என் வருத்தம் அறிந்து கூட ஏறிவந்த அக்கா பக்கத்தில் குந்தினார்.

"குளிசை போட்டனியோ?"

"விரதம் அக்கா."

ஜெகன் வேறு பக்கம் பார்த்தான். அக்காவுக்கு அது போதும்.

"எட ஜெகன், ரொசாலியா வந்து உன்னட்டைக் குளிசையை ஒளி எண்டு கேட்டவவோ? உன்ரை அப்பாவின்ரை பிரஷர் குளிசையையும் ஒளிப்பியோ?"

கைப்பையைத் திறந்து, தன்னுடைய குளிசை ஒன்றை எல்லோரும் பார்க்க விழுங்கினார். "எனக்கும் இதே வருத்தம்தான். மன்னாரிலை இருந்தே கொண்டு வந்தனான். வடிவாப் பாருங்கோ."

கூட்டத்தில் அவருடைய மகளும் நின்றாள். அவளுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதை எங்கெல்லாம் போகும் என்று அக்காவுக்குத் தெரியும். போனது. அந்தக் கலியாணப் பேச்சும் நின்றது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னை வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

"தலையிடி எண்டு சொல்லுங்கோ அக்கா" என்று வாசலில் கெஞ்சினேன்.

"தலையிடிக்கு மருந்து தந்தால் தலையிடிதானே மாறும்?"

நேற்று ஒரேத்தோவில் அக்காவின் வீட்டில் செபமாலை முடிந்தபின், ஒருவர் குரலைத் தாழ்த்தினார். "அவவுக்கு அந்த வருத்தமும் இருந்ததாம். வெளியிலை கதையாதையுங்கோ."

"எனக்கும் இருக்கு" என்றேன். "இப்பவும் குளிசை போடுறன். அவதான் கூட்டிக்கொண்டு போனவ."

மகள் தேத்தண்ணியோடு வந்து என் பக்கத்தில் அமர்ந்தாள். "அம்மா ஒண்டையும் ஒளிக்கேல்லை அண்ணா."

எதையும் முகத்துக்கு நேரே சொல்பவன் என்று எனக்குப் பெயர். இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் வாய் வந்ததில்லை. நேற்று வந்தது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.