அண்ணன் ஓடிய பாவு

தறிக்காரர் வீட்டில் ஒருவர் சும்மா நடந்தால்கூட அதிலே ஒரு சேலைக்கு வழி இருக்கும். உங்கள் வீட்டிலும் என் அண்ணனைப் போல ஒருவர் இருந்தால், தெருக்கதவைத் தாழிட்டுக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். திறந்து வைத்தே படியுங்கள்.

நடை

அண்ணன் பழனிக்கு இருபத்திரண்டு வயதில் காதுக்குள் யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள். விடிந்தால் எடப்பாடி வீதியில் மேலும் கீழும் ஒரே நடை. கட்டிப்போடலாம் என்று மாமா சங்கிலியோடு வந்தார். அப்பா அதைத் தொடவில்லை. வீதி நெடுக முளைக்குச்சி நட்டு, நூல் கதிரை அண்ணன் கையில் கொடுத்தார். சேலையின் நீளவாட்டு இழைகளுக்காகக் குச்சிக்குக் குச்சி நூலை இழுத்துக்கொண்டு நடப்பதுதான் பாவு ஓடுவது. அம்மாவும் பேச்சுக் கொடுத்தபடி கூடவே நடந்தாள்.

"பையன் நடக்கறான், சரி. அக்கா எதுக்குங்க மச்சான் நடக்குது?" என்றார் மாமா.

"காதுக்குள்ள அத்தனை பேரு பேசறாங்க. வெளிய இருந்து ஒருத்தராவது பேச வேண்டாமா மாப்ளே?" என்றார் அப்பா.

ஒரே தட்டு

ஒரு சமயம் சோற்றில் விஷம் இருக்கிறதென்று அண்ணன் மூன்று நாள் சாப்பிடவில்லை. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நூல் கொண்டுவரும் ராவுத்தர் விசாரித்தார். அவர் தங்கைக்கும் இதே பயமாம். "எங்க ஊட்டுல எல்லாரும் ஒரே தட்டைச் சுத்தி ஒக்காந்து திம்போங்க. நாங்க கை வைக்கறதைப் பார்த்துட்டு அதுவும் கை வெச்சுரும்" என்றார்.

அன்று பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்தோம். அப்பா முதல் கவளம் எடுத்தார். வெகு நேரம் பார்த்திருந்துவிட்டு அண்ணனும் எடுத்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டே பழகிய அம்மா சொன்னாள்: "கண்ணாலமாயி இன்னிக்குத்தான் சுடுசோறு திங்கறேன்."

கூறைச்சேலை

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக்காரர் மகள் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை சொல்லியிருந்தார். பாவு முடிகிற நேரத்தில் அண்ணனுக்கு உள்ளே சத்தம் அதிகமாகி, இழைகளைப் பரபரவென்று அறுத்துவிட்டான். யாரும் ஒரு வார்த்தை வையவில்லை. அவனையும் நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அறுந்த முனைகளை இழை இழையாக முடிச்சுப் போட்டு முடிந்தோம்.

சேலை வாங்க வந்த பண்ணையக்காரருக்கு வீதியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். "பித்துப் புடிச்சவன் ஓடின பாவா? கண்ணாலத்துக்கு ஆவுமா?" என்று சேலையைக் கீழே வைத்தார். அண்ணன் அங்கேதான் நின்றான். இனி அவன் பாவைத் தொடவே மாட்டானோ என்று நினைத்தேன்.

"நாந்தானுங்க ஓடினேன். நாந்தானுங்க அறுத்தேன். அப்பறம் எல்லாருமா முடிஞ்சோமுங்க" என்றான் அண்ணன்.

கூட வந்திருந்த பண்ணையக்காரர் மனைவி சேலையை மடியில் விரித்து முந்தியிலிருந்து தடவிப் பார்த்தார். "எங்க அறுத்தே, காட்டு சாமி" என்றார். அண்ணனும் குனிந்து தேடினான். அவனுக்கே அகப்படவில்லை.

அந்த அம்மா சேலையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னார்: "எடுத்துட்டுப் போலாமுங்க. எம்பட புள்ளைக்கும் இப்பிடி ஒக்காந்து முடியற ஊடு அமையோணும்."

இப்போதெல்லாம் கூறைச்சேலைக்கு வருகிறவர்கள் அண்ணனைக் காட்டி "பெரியவர் ஓடின பாவுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள், புத்தி தெளிவாக இருக்கிற என் பாவை ஒருவரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்குள்ள ஒரே குறை.