ஒரே ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவாங்க

பழைய ஃபோன்களைக் கழற்றி, நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐ.பி. ஃபோன்களைப் போட்ட மறுநாளே என் வேலை போயிருக்க வேண்டியது. காப்பாற்றியவர் பிரசவ வார்டு இன்சார்ஜ் தெபோரா சிஸ்டர்.

ஆம்பூர் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நான் டெலிபோன் டெக்னீஷியன். இரண்டாயிரங்களின் நடுவில் வளாகம் முழுக்க ஃபோன் மாற்றினோம். பிரசவ வார்டின் வராந்தாச் சுவரில் இருந்த பழைய ஃபோனை எடுத்துவிட்டு, உள்ளே சிஸ்டர் டேபிளில் புதுசை வைத்தேன். குழந்தைகள் தூங்கட்டும் என்று ரிங் சத்தத்தையும் குறைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை, ஷூ கம்பெனியில் தைக்கும் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பிளட் பேங்குக்குச் சொல்லி அனுப்பியும் ரத்தம் வரவில்லை. அட்டெண்டர் சரோஜாக்கா ஐஸ் பெட்டியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான் மிச்ச வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, போய் வாங்கினு வரலாம்ல?"

"ரெடியானா ஒரே ஒரு ரிங் உட்டு கட் பண்ணுவாங்க தம்பி. எப்பவும் அப்டித்தான். இன்னும் அடிக்கலியே."

உள்ளே ஓடினேன். புது ஃபோனின் திரையில் ஒரு மிஸ்டு கால். கால் மணி நேரத்துக்கு முன்பே அடித்து ஓய்ந்திருக்கிறது. எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றதால் யார் காதிலும் விழவில்லை. ஆள் வரும் என்று பிளட் பேங்கிலும் காத்திருக்கிறார்கள்.

"அக்கா, ரெடியாயிடுச்சி, ஓடுங்க!" என்று கத்தினேன். செருப்புகூடப் போடாமல் ஓடினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

மாலையில் சூப்பரிண்டெண்டெண்ட் கூப்பிட்டார். "யாரைக் கேட்டுய்யா ஃபோனை உள்ள வெச்ச?"

நான் வாயைத் திறக்குமுன் தெபோரா சிஸ்டர் உள்ளே வந்தார். "அவரு எங்களக் கேக்கல சார், நாங்களும் சொல்லல. ரிப்போர்ட் எழுதுனா என் பேரையும் சேத்து எழுதுங்க." சூப்பரிண்டெண்டெண்ட் ரிப்போர்ட் எழுதவில்லை. சிஸ்டரை நினைக்காமல் எனக்கு ஒரு சம்பள நாளும் போனதில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும், "இந்த ஃபோன் அடிச்சா நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்காமல் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததில்லை. நீங்களும் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பெண்ணின் புருஷன் லட்டுப் பெட்டியோடு வந்தார். "ரத்தம் ரெடின்னு கண்டுபுடிச்சது நீங்கதானாமே சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். லட்டை வாங்கிக்கொண்டேன். தாமதம் யாரால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை இன்றுதான் சொல்கிறேன்.