யாரும் எடுக்காத வெற்றிலை

ஆலங்குடிச் சந்தையில் ஜைனுதீன் ராவுத்தர் வாய் வலிக்கக் கூவி விற்கமாட்டார். கூடையைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். வேண்டுமென்றால் வாங்கு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு. அவ்வளவு மிதப்புக்கும் காரணம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கீழே இருந்த அவருடைய வெற்றிலைக் கொடிக்கால்தான். அகத்தி நிழலில், சித்திரை வெயிலிலும் அந்தத் துண்டு நிலம் குளுகுளுவென்றிருக்கும். பிள்ளை இல்லாத மனிதர். ஒவ்வொரு கொடியையும் தன் கையாலேயே அகத்தியில் ஏற்றிக் கட்டி வளர்த்தார்.

"அவுக கொடியத்தான் கட்டிக்கிட்டாக. நான் சும்மா சோறாக்க வந்தவ" என்பார் அவர் மனைவி ஜொஹரா பீவி.

புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் வளர்ச்சி அதிகாரி ஜீப்பில் எங்கள் ஊருக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். சாவடியில் ஊரைக் கூட்டி, இந்த வட்டாரத்துக்கு என்னென்ன செய்யப்போகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். எங்கள் ஊருக்கு வருவது ஆலங்குடி வரைக்கும் ஒரு ரோடு. ஒரு பக்கம் கண்மாய், மறுபக்கம் பாறை. ஆகவே ரோடு ஜைனுதீனின் கொடிக்கால் ஊடேதான் போகவேண்டும்.

"உங்க சம்மதம் இல்லாம எதுவும் செய்யமாட்டோம். ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்னால் சண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி. அதனால் கூட்டத்தில் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிடுவோம். சம்மதம் உள்ளவன் வெற்றிலை எடுப்பான், இல்லாதவன் எடுக்கமாட்டான். அன்று ஜைனுதீனுக்காக ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதைவிடப் பலமாக ஒரு ஊர் எப்படித்தான் மறுக்கும்?

தனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்த அதிகாரி, தாமே ரெண்டு வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டார். தன் திட்டத்துக்குத் தானே சம்மதம் கொடுத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். 'ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு போனார். நாங்களும் மறுத்துவிட்ட நிம்மதியில் வீட்டுக்குப் போனோம்.

அடுத்த மாதம் கொடிக்காலுக்குள் அளவுக்கல் நட்டிருந்தது.

ஜைனுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்த் தலைவரான அம்பலம் உடையப்பனைக் கூட்டிக்கொண்டு ஆலங்குடியில் அதிகாரியின் ஆபீசுக்கே போனார். "ஒருத்தரும் மறுக்கலையே" என்றார் அதிகாரி. உடையப்பன் தட்டு விஷயத்தை விளக்கியதும் அந்த மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. "தப்பு என் பேர்லதான். மறுபடியும் வர்றேன். ஆனா இந்தத் தடவை வாயாலதான் சொல்லணும். ஊர் வேண்டாம்னா ரோடு வேற ஊருக்குப் போயிடும்."

சொன்னபடியே வந்தார். சாவடியில் ஒவ்வொருவராகக் கேட்டார். அங்கேதான் சிக்கல். வெற்றிலையை எடுக்காமல் இருக்க எல்லோராலும் முடிந்தது. ரோடு வேண்டாம் என்று வாயால் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. ஐப்பசி பிறந்தால் எங்கள் வண்டிப்பாதையில் அச்சு வரைக்கும் சேறு. கடலை மூட்டை நனைந்து முளைவிடும். வேண்டும் என்று சொல்லவும் மனசு வரவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம். நானும்தான்.

கடைசியில் பிச்சைமுத்து எழுந்தார். ஜைனுதீனும் அவரும் சின்ன வயதிலிருந்தே மாமன் மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். முந்தின மழைக்காலத்தில் பிச்சைமுத்துவின் மனைவி அழகம்மாளைக் காய்ச்சலோடு ஆலங்குடி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனபோது வண்டி சேற்றில் சிக்கிக்கொண்டது. சக்கரத்தைத் தூக்கியவர்களில் ஜைனுதீனும் ஒருவர். அவர்கள் தூக்கிக்கொண்டிருக்கும்போதே அழகம்மாள் வண்டியிலேயே உயிரை விட்டுவிட்டாள்.

அந்தப் பிச்சைமுத்து சொன்னார்: "எங்களுக்கு ரோடு வேணாங்க. இருக்கிற பாதை போதும். ஒரு கொறையும் இல்ல."

அதிகாரி பேனாவைத் திறந்தார். ஜைனுதீன் நினைத்தது நடந்துவிட்டது, கொடிக்கால் தப்பித்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் துளிகூட இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அதை எழுதாதீங்கய்யா. மச்சான் பொய் சொல்றாரு. அந்தப் பாதையில கொறை இல்லைன்னு சொல்ல இந்த ஊருல யாருக்கு வேணும்னாலும் வாய் வரலாம், அவருக்கு வரக்கூடாது. ரோடு வேணும். என் கொடிக்கா வழியாவே போடுங்க."

பிச்சைமுத்துவுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "ஒனக்காகத்தானடா சொன்னேன்! ஊரு முன்னால என்னையப் பொய்யனாக்கிட்டியே!"

"ஆமா மச்சான். ஒன் பொய்ய வச்சுக்கிட்டு என்னால அந்தக் கொடிக்காலுக்குத் தண்ணி பாய்ச்ச முடியாது" என்றார் ஜைனுதீன். அதிகாரி ஜைனுதீன் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

தை மாதம் வேலை தொடங்கியது. கொடிகளை ஜைனுதீனே பிடுங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் கூலியாட்கள் வெட்டிப் போடுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். வெளியாட்கள் வெட்டுவதை ஜைனுதீனால் தாங்க முடியவில்லை. தானே போனார். முதல் கொடியைப் பிடித்தார். கை வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் அழுதார்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்த பிச்சைமுத்து எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். "அந்தப் பக்கம் திரும்பி ஒக்காரு" என்று மட்டும் சொன்னார். பிறகு குனிந்து, வேர் அறாமல், ஒவ்வொரு கொடியாக அவரே பிடுங்கத் தொடங்கினார்.