பட்டில் சுற்றிய தம்பி

குழந்தையின் துணியை அம்மா தொட வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார். அப்பா பஸ் பிடித்துக் கரமனை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது குழந்தையையே தொட வேண்டாம் என்று ஆகிவிட்டது. பயம் அப்படித்தான், வருகிற வழியிலேயே வளரும்.

எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று மாதம். பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. தினமும் ஸ்டீராய்டு மாத்திரை, வீங்கிய முகம், தம்பிக்குப் புட்டிப்பால். இதற்கிடையில் அப்பா தம்பிக்குப் போலியோ சொட்டு மருந்து போட்டு வந்திருந்தார். அதைக் கேட்டதும் அம்மாவின் டாக்டருக்கு முகம் மாறியதாம். சொட்டில் இருப்பது பலம் குறைத்த உயிருள்ள கிருமி. குழந்தையின் வயிற்றில் பெருகி, வாரக்கணக்கில் மலத்தோடு வெளியே வரும். துணி அலசும் கையோடு தாயிடம் போகும். மற்ற அம்மாக்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தியை மாத்திரை அடக்கி வைத்த உடம்பில், அபூர்வமாக, காலை முடக்கிவிடலாம். ஆறு வாரம் ஜாக்கிரதை.

சமைக்க வந்த அத்தை மடி, ஆசாரம் பார்க்கிறவள், பீத்துணியைத் தொடமாட்டாள். ஆகவே அப்பா கிணற்றடியில் குந்தி அலசினார். அத்தை பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள்: "ஆபீஸ்ல பேனா பிடிக்கற கை, கேட்டேளா! இவனோட கோமணத்தைக்கூட நான்தான் தோச்சிருக்கேன்." அப்பா இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டார்.

அம்மா அறையில் படுத்திருப்பாள். கூடத்தில் தூளி அழும். அவள் விரல்கள் மட்டும் படுக்கையில் தட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும், யாரும் இல்லாத இடத்தில்.

தொடுவது, தொடக்கூடாதது பற்றிய சட்டமெல்லாம் எனக்கு அத்துப்படி. குளித்து மடியாக இருக்கும் அத்தையை நான் தொட்டால் அவள் திரும்பக் குளிக்கவேண்டும். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு தொட்டால் வேண்டாம். பட்டில் தீட்டு ஒட்டாது. டாக்டருக்கு இது தெரியவில்லை, பாவம், அவர் வேறு ஜாதி என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் அத்தை கோவிலுக்குப் போனதும், உயரக் கொடியிலிருந்த அவளுடைய மடிப்பட்டைக் கம்பால் தள்ளி இறக்கினேன். தம்பியைச் சுற்றி எடுத்துப்போய் அம்மா மடியில் வைத்தேன்.

"பட்டும்மா. ஒண்ணும் ஒட்டாது."

அம்மா என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு எதையும் பார்க்கவில்லை. தம்பியின் தலையில் மூக்கை வைத்து, தண்ணீருக்குள்ளிருந்து வந்தவள்போல மூச்சு இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள்.

தம்பி தன் பங்குக்குச் செய்யவேண்டியதைச் செய்தான். பட்டில் மஞ்சள் பரவியது. அத்தை தோலை உரிப்பாள் என்று நான் அழ ஆரம்பித்தேன்.

"அழாதேடி. அவா வரதுக்குள்ள நான் பாத்துக்கறேன்."

நான் அலசுகிறேன் என்றதற்கு அவள் விடவில்லை. தானே அலசினாள். அப்புறம் சோப்புப் பாதியாகக் கரையும்வரை தேய்த்துக் கை கழுவினாள். ஈரப் பட்டைப் பார்த்து அத்தை கத்தியபோது, "நான்தான்க்கா, கை தவறித் தண்ணியைக் கொட்டிட்டேன்" என்றாள். அப்பாவிடம் மட்டும் நிஜத்தைச் சொல்லியிருக்கிறாள். அப்பா என்னைத் திட்டவேயில்லை.

மறுநாளிலிருந்து, காலையில் குளிக்கப் போகுமுன் அப்பா அவளைக் கட்டிலிலிருந்து கொல்லைக் கதவுவரை நடக்கச் சொல்வார். "இன்னொரு தரம்" என்பார், அவள் காலையே பார்த்துக்கொண்டு. "பொண் பாக்க வந்தப்போகூட இப்படிப் பாக்கலை" என்று அம்மா சிரித்துக்கொண்டே நடப்பாள். எத்தனையோ காலைகள். அவள் காலுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் வராது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

எனக்கு அது புது விளையாட்டு. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் நடந்தேன். ஒருநாள், அப்பாவும் சிரிக்கட்டும் என்று, ஒரு காலை இழுத்து இழுத்து நொண்டிக் காட்டினேன். அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கி, என் இரண்டு காலையும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.